நடுகல் எழுத்து: கர்னல் பெரிதானால் லேப்டாப் படுத்துவிடுகிறது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்பு வரப்பில் நிற்கும் நடுகல்லைப் படம் எடுத்திருக்கிறேன், வட்டெழுத்து, பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. எழுத்தைத் தூக்கிக் காட்ட இமேஜ்மேஜிக் 7 என்ற படத் திருத்த மென்பொருளில், கட்டளை வரியிலேயே, லாப்லாசியன் ஆஃப் காஸியன் கர்னல் உருவாக்கி ஓட்டுகிறேன். கர்னல் என்பது ஒவ்வொரு பிக்ஸலையும் அக்கம்பக்கத்துப் பிக்ஸல்களையும் பெருக்கிக் கூட்டும் எண் கட்டம்; இந்த வகை, படத்தை மங்கலாக்கி அதில் கோடு, விளிம்புகளை மட்டும் தூக்கிக் காட்டும். நாலு நாளாக இதே வேலை.

முதலில் படமே கறுப்பாக வந்தது. கர்னலின் கூட்டுத்தொகை பூஜ்யம், மைனஸ் மதிப்பெல்லாம் வெட்டுப்படுகிறது என்று புரிந்து பயாஸ் (எல்லா மதிப்போடும் கூட்டும் எண்) 50% கொடுத்தேன், அது சரியாகிவிட்டது. ஆனால் சிக்மா (எவ்வளவு மங்கலாக்குவது என்ற அளவு) 2 வைத்தால் எழுத்தைவிட கருங்கல்லின் பொரிப்பொரிதான் பளிச்சென்று வருகிறது. எழுத்தின் ஒரு கோடே 35 பிக்ஸல் அகலம், ஆகவே சிக்மா 12, ரேடியஸ் 36 என்று ஏற்றினேன். கர்னலைக் காட்டும் ஷோகர்னல் தெரிவைப் போட்டுப் பார்த்தால் கட்டம் 73×73, அதாவது பிக்ஸலுக்கு 5329 பெருக்கல், படமோ 6000×4000! பழைய ஐ3, 4 ஜிபி ராம். அரை மணி நேரம் விசிறி அலறியதுதான் மிச்சம், நிறுத்திவிட்டேன். அப்புறம் படத்தைக் கால்வாசியாகச் சுருக்கி சிக்மா 3-இல் ஓட்டினேன், வேகம் பரவாயில்லை, மெல்லிய வளைவுகள் (வட்டெழுத்துக்கு அதுதானே உயிர்) கரைந்துபோயின.

காஸியன் கர்னலைக் கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என்று இரண்டு ஒற்றை வரிக் கர்னலாகப் பிரிக்கலாமே, அதுபோல இதையும் பிரித்து முழு அளவுப் படத்தில் ஓட்ட என்ன கட்டளை கொடுக்க வேண்டும்?