தாமாகக் கற்ற தாவரவியலர் ஆலிஸ் ஈஸ்ட்வுட்: எப்படிக் கற்றார்?

கேள்வி (மேலூர் வாசகி):
அனைவருக்கும் வணக்கம். வணிகவியல் படித்த நான், அழகர்மலைப் பக்கம் காணும் செடிகளைப் பற்றிச் சில காலமாகக் குறிப்பெடுத்து வருகிறேன். கல்லூரிக்கே போகாத ஆலிஸ் ஈஸ்ட்வுட் தாவரவியலில் பெரும் பெயர் பெற்றார் என்று அறிந்தேன். ஆசிரியர் இல்லாமல் அவர் எப்படிக் கற்றார் என்பதை விளக்க இயலுமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பரங்குன்றம்):
அம்மா, 1859இல் டொராண்டோவில் பிறந்த அவர், டென்வரில் உயர்நிலைப் பள்ளியை முடித்து, அங்கேயே பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். கோடை விடுமுறைகளில் ராக்கி மலைகளில் அலைந்து, கையில் இருந்த தாவர நூல்களோடு செடிகளை ஒப்பிட்டே கற்றார். 1887இல் டென்வருக்கு வந்த ஆங்கில இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸுக்கு மலையில் வழிகாட்டும் அளவுக்குத் தேர்ந்திருந்தார். ஆனால், அவரை யாருமே கைதூக்கிவிடவில்லை என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தில் 1892இல் அவருக்கு வேலை கிடைத்தது, அங்கே தாவரவியல் காப்பாளராக இருந்த கேத்தரின் பிராண்டகீ தம் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததால்தான்.

மறுமொழி 2 (ஆய்வு மாணவி, மதுரை):
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டும்போது சான்றாக வைக்கப்படும் உலர்செடியே வகைமாதிரி. அவற்றை மற்ற உலர்செடிகளோடு கலந்து வைப்பதே அன்றைய வழக்கம். ஈஸ்ட்வுட் தனியே பிரித்து வைத்தார். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்தக் கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ கட்டடத்தின் படிக்கட்டு இடிந்துபோக, கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி ஆறாவது மாடிக்கு ஏறி, தீ நெருங்குமுன் 1,497 மாதிரிகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அந்தத் துணிச்சலைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். முன்பே பிரித்து வைத்திராவிட்டால், இருந்த சிறிது நேரத்தில் எதை எடுப்பது என்றே தெரிந்திருக்காது. எரிந்துபோன தொகுப்பை மீண்டும் கட்டியெழுப்பி, 1949இல்தான் ஓய்வு பெற்றார்.

மறுமொழி 3 (தாவர ஆர்வலர், நத்தம்):
அக்கா, உங்கள் குறிப்பில் ‘அழகர்மலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. நூபுரகங்கைக்கு மேலா கீழா, ஓடைக்கரையா பாறையிடுக்கா, எந்த மாதத்தில் பூத்தது, பூவின் நிறம் என்ன என்பதையெல்லாம் அன்றே எழுதிவிடுங்கள். காய்ந்த பூவில் நிறம் நிற்காது. பெயர் காண, காம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் இன்றும் உதவும். பழைய பெயர்கள் சில மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஐயமானவற்றைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்செடித் தொகுப்போடு ஒப்பிடலாம். அழகர்மலை காப்புக்காடு என்பதால், வனத்துறையின் அனுமதி கைக்கு வரும்வரை படம் மட்டும் எடுங்கள், செடியைப் பறிக்காதீர்கள்.