ஷெட்லாந்து போய்த் திரும்பிய நால்வர் எழுதிய அனுபவங்கள்: கப்பலா, விமானமா?

எடின்பரோவிலிருந்து

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலிலுள்ள ஷெட்லாந்து தீவுகளுக்கு நான்கு நாள் பயணம். போகவும் வரவும் விமானம். ஞாயிறு மதியம் அங்குள்ள சம்பரோ விமான நிலையத்தில் ஏறினால் மாலையில் வீடு, திங்கள் காலை லண்டன் வழியாகச் சென்னை. தங்கையின் நிச்சயதார்த்தம். தாளில் அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை, தீவுகளின் முக்கிய ஊரான லெர்விக்கில் நல்ல வெயில். பஸ்ஸில் தெற்கே நாற்பது கிலோமீட்டர் போய் விமான நிலையத்தில் இறங்கினால், ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லை. கடலிலிருந்து ஏறிவரும் இந்த மூடுபனியை அங்கே 'ஹார்' என்கிறார்கள். குளிர்ந்த கடல்மேல் வெதுவெதுப்பான காற்று வரும்போது உண்டாவது என்பதால், கோடையில்தான் இதன் ஆட்டம் அதிகம். எங்களை ஏற்ற வந்த விமானம் தலைக்கு மேலே இரண்டு முறை சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வாடகைக் காரைப் பிடித்து லெர்விக் துறைமுகத்துக்கு ஓடினேன். இரவுக் கப்பலில் படுக்கை அறை ஒன்றுகூட மிச்சமில்லை, சாய்விருக்கை கிடைத்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள அபர்டீனில் இறங்கியபோது, என் சென்னைப் பயணம் கைவிட்டுப் போயிருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட்டுகள். முதல் விமானம் வராததற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பணம் போனதைவிட அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கியதுதான் பெரும்பாடு. "ஆனி மாதத்தில் என்னடா பனி?" என்றார்.

அபர்டீனிலிருந்து

உங்கள் கதையைப் படித்ததும் என் சனவரி நினைவுக்கு வந்தது. மூடுபனிக்கு விமானம் நிற்கும், புயலுக்குக் கப்பல் நிற்கும். கோடையில் போகிறவர் முதலாவதற்கும், குளிர்காலத்தில் போகிறவர் இரண்டாவதற்கும் அஞ்ச வேண்டும்.

லெர்விக்கின் அப் ஹெலி ஆ தீத்திருவிழா சனவரி கடைசிச் செவ்வாயன்று நடக்கும். நான் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். அபர்டீன் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் நடக்கும் தூரம்தான். நேரடிக் கப்பல் இரவு ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டரை மணி நேரம் ஓடும். ஆனால் வழியிலுள்ள ஆர்க்னித் தீவுகளின் கர்க்வால் துறைமுகத்தைத் தொட்டுப் போகும் நாட்களில் ஐந்து மணிக்கே கிளம்பிவிடும். இதைக் கவனிக்காமல் ஆறு மணிக்கு வந்து நின்ற ஒரு தம்பதியைப் பார்த்திருக்கிறேன், பாவம். வானிலை மோசமானால் அறிவித்த நேரத்துக்கு முன்பாகவே கிளம்புவதும் உண்டு. பயண நாளில் தொலைபேசியை அணைத்து வைக்காதீர்கள்.

அன்று வரிசையில் என் பின்னால் நின்ற ஷெட்லாந்துப் பாட்டி ஒருவர், "துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் படுத்துவிடு. மாத்திரையை இப்போதே போடு, ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை" என்றார். பேச்சைக் கேட்டேன், தப்பித்தேன். என்னோடு வந்த நண்பன் முதலில் வயிறு நிறைய மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். மீதியை எழுத வேண்டாம். கார் கொண்டு போகிறவர்கள் மருந்தையும் கம்பளிச் சட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஓடும்போது வாகனத் தட்டைப் பூட்டிவிடுவார்கள்.

கிளாஸ்கோவிலிருந்து

பெரிய கப்பலைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைத் திணறடித்தவை குட்டிப் படகுகள்.

இரண்டு குழந்தைகளோடு காரில் வடகோடியிலுள்ள அன்ஸ்ட் தீவுக்குப் போனோம். ஷெட்லாந்தின் பெரிய தீவிலுள்ள டாஃப்டிலிருந்து யெல் தீவுக்கு இருபது நிமிடப் படகு. யெல்லைக் குறுக்கே கடந்தபின் பத்து நிமிடத்துக்கு இன்னொன்று. காருக்கு இடம் பதியாமல் போனது என் சோம்பல். பதிந்தவர்கள் ஏறியபின் மிச்சமிருந்தால்தான் நமக்கு. திரும்பும்போது எங்கள் கண்ணெதிரே ஒரு படகு நிரம்பிப் போய்விட்டது. சின்னவள் அழவில்லை, கரையருகே தலை நீட்டிய நீர்நாய்க்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். சூன் மாதமாதலால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. 'சிம்மர் டிம்' என்று அவர்கள் சொல்லும் அந்த அந்தி வெளிச்சம் பயணியை ஏமாற்றிவிடும். நேரமிருக்கிறது என்று மனம் சொல்லும், கடைசிப் படகு போயிருக்கும்.

சம்பரோவில் இன்னொரு வேடிக்கை: சாலையே ஓடுபாதையைக் கடந்து போகிறது. விமானம் வரும்போது ரயில்வே கேட்டைப் போலத் தடுப்பு இறங்கும். விமானத்துக்காகக் காரில் காத்திருந்ததை ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்?

நியூகாசிலிலிருந்து

அக்கா, படகு போனால் அடுத்த படகு உண்டு. நான் ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே தனித்திருக்கும் ஃபேர் தீவில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். லெர்விக்குக்கு அருகிலுள்ள டிங்வாலிலிருந்து குட்டி விமானம். பையை மட்டுமல்ல, நம் எடையையும் கேட்டுக்கொள்கிறார்கள். போகும்போது இருபத்தைந்து நிமிடம். திரும்பும் நாளில் மேகம் இறங்கிவிட்டது. படகில் போகலாமென்றால், அட்லாண்டிக்கும் வடகடலும் மோதும் 'ரூஸ்ட்' நீரோட்டத்தைத் தாண்ட வேண்டும். அன்று படகும் கிளம்பவில்லை. தங்கியிருந்த வீட்டம்மா எந்தச் சலனமும் இல்லாமல் இன்னொரு தட்டை மேசையில் வைத்தார். அவருக்கு அது வழக்கம்.

மீண்டும் எடின்பரோவிலிருந்து

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அடுத்த சூனில் மறுபடி போகிறோம்: போகும்போது கப்பல், படுக்கை அறை இப்போதே பதிவு. தீவிலிருந்து திரும்பி மூன்று நாள் கழித்துத்தான் சென்னைக்கு டிக்கெட். அம்மாவுக்கு அந்தப் பனியின் படத்தை அனுப்பியிருந்தேன். வெறும் வெள்ளைத் தாளை அனுப்பி ஏமாற்றுகிறேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.