நீராவித்தடையா, ஈரக்காப்பா?

நண்பர்களே,

சுவருக்குள் நீராவி ஊடுருவுவதை மட்டுப்படுத்தும் அடுக்கை ஆங்கிலத்தில் vapor retarder என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த ‘ஈரக்காப்பு’ என்ற பரிந்துரை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெப்பக்காப்பு வெப்பத்தைக் காக்கிறது என்றால், ஈரக்காப்பு ஈரத்தை அல்லவா காக்க வேண்டும்? பக்கம் மாற்றி ஒட்டிய பாலித்தீன் தாள் அதைத்தான் செய்கிறது. குளிர்காலத்தில் அப்படியொரு சுவரைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தாளில் முத்து முத்தாக நீர். வெப்பக்காப்புக்கு வைத்த கண்ணாடிக் கம்பளி பிழியாத துணிபோல் மரச்சட்டத்தில் அப்பிக் கிடந்தது.

‘ஆவித்தடுப்பு’ என்றால் பேயோட்டுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். ‘ஈரத்தடுப்பு’ அடித்தளத்துக்கு மேல் போடும் அடுக்குக்கே இருக்கட்டும்.

என் வாக்கு ‘நீராவித்தடை’க்கு. மின்தடை மின்னோட்டத்தை அடியோடு நிறுத்துவதில்லை, மட்டுப்படுத்துகிறது. தொடராக வைத்தால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். சுவரிலும் அதே கணக்குதான். பெயின்ட், பலகை, தாள் என ஒவ்வோர் அடுக்கின் தடையையும் கூட்டினால் சுவரின் தடை. அதைத் தலைகீழாக்கினால், நீராவி எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று சொல்லும் பெர்ம் (perm) அளவு. எண் குறையக் குறையத் தடை அதிகம். வட அமெரிக்கக் கட்டட விதிகளில் 0.1 பெர்ம் வரை முதல் வகுப்பு, 1 வரை இரண்டாவது, 10 வரை மூன்றாவது. 0.15 மி.மீ. பாலித்தீன் முதல் வகுப்பு. சாதாரண லேட்டெக்ஸ் பெயின்ட்கூட மூன்றாவதில் வந்துவிடும். பெயின்டைப் போய்த் ‘தடுப்பு’ என்றால் யார் நம்புவார்? முதல் வகுப்புக்கு மட்டும் தனிப்பெயர் வேண்டுமென்றால் ‘நீராவி அடைப்பு’ என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம், காற்றுக் கசிவை நிறுத்தும் ‘காற்றடைப்பு’ வேறு, இது வேறு. சுவிட்சுப் பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்கில் காற்றோடு நுழையும் ஈரம், முழுச் சுவரையும் ஊடுருவிப் போவதைவிடப் பல மடங்கு இருக்கலாம். இடுக்கை மட்டுப்படுத்திப் பயனில்லை, அடைக்கத்தான் வேண்டும்.

இந்தச் சொல்லுக்குத் தந்திருக்கும் வரையறையில் ‘உட்புறம் ஒட்டும் தாள்’ என்றிருப்பதை எடுத்துவிடலாம். 21 டிகிரியில் 50% ஈரப்பதமுள்ள அறைக்காற்று, சுமார் 10 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே வியர்க்கும். அதனால் குளிர்நாட்டில் தாள் உட்பக்கம். புழுக்கமான ஊரில் ஏசி ஓடும் வீட்டில் ஈரம் வெளியிலிருந்து வருகிறது. அங்கே உட்பக்கம் பாலித்தீன் ஒட்டினால் வம்புதான். இரண்டு பக்கமும் ஒட்டினால் நடுவில் மாட்டிய ஈரம் உலரவே வழியில்லை.

நைலான் தாள் ஒன்று பாக்கி. உலர்ந்திருக்கும்போது இறுக்கமாக இருந்து, ஈரம் ஏற ஏற வழிவிடும். அதற்கு ‘மாறுதடை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆங்கில smart membrane-ஐ அப்படியே பெயர்த்து ‘திறன்மிகு படலம்’ என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள்.