‘ஃபயர்ஃப்ளை’ தொடருக்குத் தமிழ் சப்டைட்டில்: கை கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2002-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் வந்து, ஒரே சீசனோடு நிறுத்தப்பட்ட ‘ஃபயர்ஃப்ளை’க்குத் தமிழ் சப்டைட்டில் செய்ய ஆள் தேவை. விண்கலமும் குதிரையும் ஒரே கதையில். விண்வெளிக் காட்சிகளில் சத்தமே கிடையாது. இவ்வளவு துணிச்சலான தொடர் தமிழில் பரவலாகப் பேசப்பட வேண்டும்.

எடுத்த 14 பகுதிகளில் 11தான் முதலில் ஒளிபரப்பாயின. அதுவும் வரிசை மாறி! கதைமாந்தர்களை அறிமுகப்படுத்தும் இரட்டை நீளப் பகுதி டிசம்பரில் கடைசியாக வந்தது. அதனால் ஒளிபரப்புத் தேதியை விட்டுவிட்டு டிவிடி வரிசைப்படியே கோப்புகளுக்கு எண் போடுங்கள்.

பெரிய தலைவலி நேரம் பிசகுவது. அமெரிக்கப் பதிப்பு வினாடிக்கு 23.976 பிரேம் (தனித்தனிப் படங்கள்); ஐரோப்பிய டிவிடி 25. ஒன்றுக்கான சப்டைட்டிலை மற்றதில் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும், 44 நிமிடப் பகுதியின் முடிவில் ஏறத்தாழ 1 நிமிடம் 48 வினாடி விலகிவிடும். முன்னே பின்னே நகர்த்திப் பயனில்லை, பிரேம் வேகத்தையே மாற்ற வேண்டும். கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும்.

இன்னொன்று: பாத்திரங்கள் கோபத்தில் மாண்டரினில் (சீன மொழியில்) திட்டுவார்கள், மூலத்தில் அதற்கு சப்டைட்டில் இல்லை. நாமும் அப்படியே விடலாம் என்பது என் கருத்து. மாண்டரின் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்? நேரம் சரிபார்க்க இருவர், பேச்சுத்தமிழில் வசனம் எழுத மூவர் வேண்டும். எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.