நீதிபோதனை வகுப்பில் சுற்றுச்சூழல்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு நீதிபோதனை எடுக்கிறேன். பைபிளில் ஆதியாகமம் 1:28-ஐ, பூமியைக் கீழ்ப்படுத்தி உயிர்களை ஆண்டுகொள்ளுங்கள் என்று கடவுள் மனிதருக்குச் சொல்லும் வசனத்தை, வாசித்ததும் ஒரு பையன், "ஆண்டுகொள்ளுங்கள்னா மரத்தை வெட்டலாம்தானே மிஸ்?" என்று கேட்டுவிட்டான். என்ன சொல்வது?

பதில் 1: அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள் டீச்சர். 2:15-ல் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தான் மனிதனை வைத்ததாக வருகிறது. உபாகமம் 20:19 இன்னும் நல்லது, பட்டணத்தை முற்றுகையிடும்போதுகூட கனிமரத்தை வெட்டக்கூடாது என்கிறது, பையன்களுக்குச் சண்டை என்றால் காது விடைக்கும்.

பதில் 2: வசனத்தோடு நிறுத்தினால் மனப்பாடப் பகுதி ஆகிவிடும். எங்கள் பள்ளியில் கைகழுவும் தண்ணீரை முருங்கைக்குத் திருப்பினோம், வசனம் அப்புறம்தான். வகுப்பில் பாதிப்பேர் இந்து, முஸ்லிம் பிள்ளைகள், காய் பறிக்க அவர்களும்தான் வந்தார்கள்.

கேட்டவர்: சரி, முருங்கைக்கொம்பு ஒன்று தேடுகிறேன்.

பதில் 1: கம்பளிப்பூச்சி வரும், பார்த்து!