விளிம்பில் இருந்த எண்

நகரித் தறிக்காரன்:

பெரிய மாமா தவறியபோது பஸ் நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் வைத்தோம். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. "ஐந்து வீரப் பதக்கங்கள் பெற்ற கடற்படை வீரர்" என்று வாசகம் எழுதியது நான்தான். காரியத்தன்று புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அதில் ஒன்றுகூட வீரப் பதக்கம் இல்லை" என்றார். மாமாவைப் போலவே கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு முகம் சிவந்துவிட்டது. சாவு வீட்டில் சொல்லும் பேச்சா இது என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது சரி.

மாமா 1963-இல் சேர்ந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. சேரும்போது மாநிலம் ஆந்திரம், தாய்மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்தாராம். கப்பலில் இரண்டையும் யாரும் கேட்கவில்லை. விந்திய மலைக்குத் தெற்கே பிறந்தவன் எல்லோரும் அங்கே மதராசிதான்.

அவர் வேலை விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் பாய்லர் அறையில். தன்னை ஸ்டோக்கர் என்று சொல்லிக்கொள்வார். கரி அள்ளிப் போடும் வேலை என்று ஊரில் நினைத்தார்கள். விக்ராந்த் உலை எண்ணெயில் ஓடிய கப்பல், அதில் கரி ஏது? ஊருக்கு அவர் இன்னொரு விதத்திலும் முக்கியமானவர். மிலிட்டரி கேன்டீன் ரம் அவர் கார்டில்தான் வரும். பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்ததே அப்படித்தான். எங்கள் தெருவில் முப்பது பவர்லூம் ஒரே நேரத்தில் ஓடும். அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கியவர் அவர் ஒருவர்தான். கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்துக்கொள்வார்.

1971 பாகிஸ்தான் போரில் என்ன செய்தீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கண்ணாடி பார்த்தேன்" என்பார். கிண்டல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். புத்தூர்க்காரர்தான் விளக்கினார். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். மட்டம் இறங்கினால் உள்ளே குழாய்கள் காய்ந்து வெடிக்கும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து போய் டர்பைனை நாசம் செய்யும். ஒரு வாட்ச், அதாவது ஒரு முறைப் பணி, நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் அந்தக் கண்ணாடியை விட்டுக் கண் நகரக் கூடாது.

அதிலும் விக்ராந்துக்கு அப்போது நான்கு பாய்லரில் ஒன்றில் விரிசல். போருக்கே அனுப்பலாமா வேண்டாமா என்று மேலே பெரிய விவாதம் நடந்திருக்கிறது. முழு வேகத்தில் ஓட முடியாத கப்பலாகத்தான் வங்காள விரிகுடாவுக்குப் போனது. டிசம்பர் 4-ஆம் தேதி அதிலிருந்து சீ ஹாக் விமானங்கள் கிளம்பி அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி எறிவதும் நீராவி, கப்பலை ஓட்டுவதும் அதே நீராவி. காற்று குறைவாக இருந்தால் கப்பல் இன்னும் வேகமாக ஓடினால்தான் விமானம் எழும்பும். விரிசல் விட்ட பாய்லரை வைத்துக்கொண்டு அதைச் சமாளித்தவர்கள் கீழே இருந்தவர்கள். விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய செய்தியே மாமாவுக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியுமாம். "கடலையே நான் பார்க்கவில்லை" என்று புத்தூர்க்காரரிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொன்னதில்லை.

சரி, ஐந்து பதக்கம் என்னென்ன? பூர்வி ஸ்டார், ரக்ஷா மெடல், சங்க்ராம் மெடல், சுதந்திர வெள்ளி விழா மெடல், ஒன்பது வருஷ நீண்ட சேவை மெடல். முதலாவது கிழக்குப் போர்முனையில் இருந்ததற்கு. ரக்ஷா 1965 போருக்கு. சங்க்ராம் 1971-இல் பணியில் இருந்ததற்கு. நான்காவது 1972 ஆகஸ்ட் 15 அன்று சீருடையில் இருந்த எல்லோருக்கும். கடைசியானது பெயரிலேயே இருக்கிறது. ஒரு வகையில் பார்த்தால் ஐந்துமே வருகைப் பதிவுதான். விக்ராந்தின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. விமானிகள் பலருக்கு வீர் சக்ரா. அவைதான் வீரப் பதக்கங்கள். பாய்லர் அறைக்கு பூர்வி ஸ்டார். அது கேப்டனுக்கும் உண்டு, சமையல்காரருக்கும் உண்டு. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஆனால் புத்தூர்க்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் ஒன்றைக் கொடுத்தார்களே, அதுதான் மரியாதை" என்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்ற வேண்டும். மாமாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை எல்லாம் வைத்திருந்த மரப்பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது. வங்கியில் சர்வீஸ் நம்பர் கேட்டார்கள். அத்தைக்குத் தெரியவில்லை, எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இன்னோர் அலுவலகத்தில் பெயர் எழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். அங்கே தெலுங்கில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. நான்கு மாதம் போனது. இதில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பதக்கம் வெள்ளி என்று நினைத்து, விலை என்ன போகும் என்று ஒரு நகைக்கடையில் காட்டினேன். கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்து, "வெள்ளி இல்லைங்க, செம்பும் நிக்கலும் கலந்தது, எடைக்குப் போட்டால் டீச்செலவுக்கு வரும்" என்று திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது தன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் விளிம்பைப் பார்த்து, "இது என்ன நம்பர்?" என்று கேட்டார்.

மாமாவின் சர்வீஸ் நம்பர். அதற்குப் பக்கத்தில் பதவிச் சுருக்கம், பெயர். ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கிய பொருள். ஒருவர்கூட விளிம்பைப் பார்க்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:

படித்ததும் எழுந்து போய் எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்கள் கதை தலைகீழ். தாத்தா பிரிட்டிஷ் காலத்து ராயல் இந்தியன் நேவியில் இருந்தவர். அப்போது இந்த ஊர் கொச்சி சமஸ்தானம். தென்னந்தோப்பும் நிலக்கடலையும் விட்டுவிட்டு பம்பாய்க்குப் போனவர். 1946 பிப்ரவரி 18-இல் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் மாலுமிகள் சோறு சரியில்லை என்று ஆரம்பித்த வேலைநிறுத்தம் துறைமுகம் முழுக்கப் பரவியபோது இவரும் சேர்ந்துகொண்டார். ஐந்தாறு நாளில் அடங்கியது. அப்புறம் வேலை போயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலம் முழுக்கக் கப்பலில் இருந்தும் வீட்டில் ஒரு பதக்கம்கூட இல்லை. நம்பர் எழுதிய ஒரு தாள் மட்டும் இருக்கிறது. அந்தத் தாளை வைத்துத்தான் பிற்காலத்தில் சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டார்கள்.

பாட்டி கடைசிவரை சொன்னது ஒன்றுதான். "சோத்துக்குச் சண்டை போட்டு சோத்தையே தொலைச்சுட்டு வந்தாரு." எங்கள் வீட்டில் அதுவே வரலாறு.

உங்கள் மாமாவுக்கு வருகைப் பதிவுப் பதக்கம் என்று எழுதியது பிடிக்கவில்லை, தம்பி. வருகைப் பதிவும் இல்லாதவர் வீட்டிலிருந்து சொல்கிறேன்.

பலமனேர் அக்கா:

என் வீட்டுக்காரர் 22 வருஷம் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் இருந்தார். அவர் வெள்ளை யூனிஃபார்மை இஸ்திரி போட்டவள் என்ற தகுதியில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

தயவுசெய்து யாரும் பதக்கத்துக்கு பித்தளை தேய்க்கிற பிராசோ பாலிஷ் போடாதீர்கள். நான் போட்டேன். பரேடுக்கு முந்தின ராத்திரி பளபளவென்று தேய்த்து வைத்தேன், அவர் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷா வருஷம் தேய்த்தால் விளிம்பில் பொறித்த எழுத்து மழுங்கிவிடும். நம்பர் மழுங்கிவிட்டால் அது யாருடையதோ ஆகிவிடும். மெல்லிய காட்டன் துணியால் துடைத்தால் போதும். ரிப்பனைத் துவைக்கவே கூடாது, சாயம் இறங்கும். பின்னால் இருக்கும் ஊசி துருப்பிடித்தால் வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை விழும், அது எதற்கும் போகாது.

அப்புறம், பதக்கத்தைத் தனித்தனியாகக் கழற்றாதீர்கள். வரிசை என்பது சும்மா அழகுக்கு இல்லை. மார்பின் நடுப்பக்கம் இருப்பது பெரியது, தோள் பக்கம் போகப் போகச் சின்னது. உங்கள் மாமாவுக்கு பூர்வி ஸ்டார் உள்பக்கம், ஒன்பது வருஷம் கடைசி. வரிசையைப் பார்த்தாலே ஓர் ஆள் எங்கே இருந்தார், எத்தனை வருஷம் இருந்தார் என்று தெரிந்த ஒருவர் சொல்லிவிடுவார். விசாகப்பட்டினத்தில் பஸ்ஸில் போகும்போது எதிரே நிற்பவர் மார்பில் இருக்கும் ரிப்பனைப் பார்த்து, "இவர் 71 பார்த்தவர்" என்று என் வீட்டுக்காரர் காதில் சொல்வார். நானும் கற்றுக்கொண்டேன். நடக்கும்போது கோலத்தைப் பார்த்து வீட்டைச் சொல்கிற மாதிரிதான்.

அத்தைக்கு ஓய்வூதியம் வந்ததா, அதைச் சொல்லவில்லையே?

நகரித் தறிக்காரன்:

வந்துவிட்டது, அக்கா. நம்பரை வைத்து மனு எழுதிக் கொடுத்தவர் புத்தூர்க்காரர்தான். ஆறு வாரத்தில் ஆவணம் கிடைத்தது. மாமாவின் பெயர் அந்த ஆவணத்தில் இன்னொரு மாதிரி எழுத்தில் இருக்கிறது, விளிம்பிலும் அதே எழுத்து. ரேஷன் கார்டைத்தான் மாற்ற வேண்டியதாயிற்று. நிலுவையும் சேர்ந்து வந்தது.

கொழிஞ்சாம்பாறை அண்ணா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வார்த்தையை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

பிராசோ விஷயம் மட்டும் தாமதமாகிவிட்டது. நேற்று அத்தை வீட்டுக்குப் போனபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவது சங்க்ராம். கையிலிருந்து வாங்கி விளிம்பைப் பார்த்தேன், எண் அப்படியே இருக்கிறது. "போதும் அத்தை" என்றேன். "உங்க மாமா இதைத் துடைச்சதே இல்லடா, கறுத்துப் போச்சு பார்" என்று மீதி இரண்டையும் எடுத்துத் தண்ணீரில் போட்டார்.