உண்ணியின் வாய்ப்பகுதி தோலுக்குள் தங்கிவிட்டது, என்ன செய்வது?

வயநாட்டை ஒட்டிய சேரம்பாடிப் பகுதியில் வசிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காட்டோரம் மாடு மேய்த்துத் திரும்பிய என் தந்தையாரின் முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி ஒன்று கடித்துப் பிடித்திருந்தது. அவருக்கு வயது 64, சர்க்கரை நோய் உண்டு.

மண்ணெண்ணெய் ஊற்றவும் ஊதுபத்தியால் சுடவும் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அப்படிச் செய்தால் உண்ணி தன் எச்சிலைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும் என்பதால் இரண்டையும் மறுத்து, கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்தேன். உடல் வந்துவிட்டது, வாய்ப்பகுதி மட்டும் கரும்புள்ளியாக உள்ளேயே தங்கிவிட்டது. மறுநாள் முயன்றபோது இடுக்கிக்குப் பிடி கிடைக்கவில்லை. சோப்பு நீரால் கழுவி அயோடின் தடவி வருகிறோம்.

இன்று புதன்கிழமை. கடிவாயைச் சுற்றி லேசான சிவப்பும் அரிப்பும் உள்ளன. காய்ச்சலோ தலைவலியோ இல்லை. 2015இல் வயநாட்டில் பரவிய, உண்ணிக் கடியால் தொற்றும் குரங்குக் காய்ச்சல் (கியாசனூர் காட்டு நோய்) இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது. அந்நோய் பெரும்பாலும் கடித்த 3 முதல் 8 நாட்களுக்குள் தொடங்கும் என்பதால் காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து வைக்கிறேன்.

மருந்துக்கடையில் ஊசியால் கிளறி எடுக்கச் சொல்கிறார்கள். செவிலியராக உள்ள உறவினரோ தொடவே வேண்டாம் என்கிறார். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்த வாய்ப்பகுதி தானாக வெளியேறும்வரை விட்டுவிடலாமா, அல்லது மருத்துவரைக் கொண்டு அகற்றியே ஆக வேண்டுமா?